பாடசாலையும் பாதுகாப்பும்: கல்முனைக் கரையோரத்தை முன்னிறுத்திய ஓர் அறநோக்கு

பிள்ளையை எங்கே வளர்ப்பது என்னும் வினா, பிள்ளையை எவ்வாறு வளர்ப்பது என்னும் வினாவின் ஒரு சிறு கூறே எனப் பொதுவாகக் கருதப்படுகின்றது. ஆயினும் சற்று ஆழ்ந்து நோக்குமிடத்து அது தனித்ததோர் அறப்பிரச்சினையாக விரிவதைக் காணலாம். பெற்றோர் தம் பிள்ளைக்குக் கடமைப்பட்டவை பல. அவற்றுள் உயிரைக் காத்தலும் அறிவை வளர்த்தலும் தலையாயவை. இவ்விரண்டும் ஒரே இடத்தில் கிட்டுமாயின் சிக்கல் எதுவுமில்லை. நல்ல பாடசாலை ஓரிடத்திலும், அச்சமற்ற வாழ்வு பிறிதோரிடத்திலும், உற்றார் உறவினர் மூன்றாவதோர் இடத்திலும் அமைந்துவிடும்போதே தராசுத் தட்டுகள் அசையத் தொடங்குகின்றன. அத்தராசில் ஒரு குடும்பம் தன் பிள்ளையின் நலத்தை மட்டும் இட்டு நிறுத்தால் போதுமா என்பதே இங்கு எழும் அடிப்படை வினாவாகும். அம்பாறை மாவட்டத்தின் கரையோர முஸ்லிம் ஊர்களை, சிறப்பாகக் கல்முனையை, உரைகல்லாகக் கொண்டு இதனை ஆராய்தல் பயனுடையது.

அயலைத் தெரிந்து பிள்ளை வளர்த்தமைக்கு உலகம் காட்டும் மிகப் பழைய எடுத்துக்காட்டு சீன ஞானி மென்சியசின் தாயாவார். அவ்வம்மையார் முதலில் இடுகாட்டின் அருகே குடியிருந்தார். சிறுவன் ஈமச் சடங்குகளை விளையாட்டாக நடித்துக் காட்டினான். பின்னர் சந்தையின் அருகே குடிபெயர்ந்தார். அவன் வணிகரைப் போலக் கூவி விலை பேசத் தொடங்கினான். மூன்றாவதாகக் கல்விச்சாலை ஒன்றின் அருகே சென்று வாழ்ந்தார், சிறுவன் அங்குள்ளோரின் ஒழுக்கத்தைப் பார்த்துப் பழகினான், பின்னாளில் பேரறிஞனாயினான். இக்கதையைக் கேட்டோர் அனைவரும் அத்தாயைப் போற்றினர். ஆனால் கதை சொல்லாமல் விட்ட செய்தி ஒன்றுண்டு. சந்தைத் தெருவில் அச்சிறுவனோடு விளையாடிய ஏனைய பிள்ளைகள் என்னவாயினர்? குடிபெயர வழியற்ற அத்தாய்மாரும் தம் பிள்ளைகளை நேசிக்காதவர்களா? இவ்வினாவுக்கு விடை காணாதவரை அயல் தெரிதல் பற்றிய அறநோக்கு அரைகுறையானதாகவே அமையும்.

சூழலின் ஆற்றலைத் தமிழ் மரபும் நன்கு உணர்ந்திருந்தது. தந்தையின் கடனைக் கல்வியோடு இணைத்துப் பேசிய வள்ளுவர், சிற்றினஞ்சேராமை என்னும் அதிகாரத்தில் ஒருவனது அறிவு அவன் சேர்ந்த கூட்டத்தின் தன்மையைப் பெறுமாற்றை விளக்கினார். பிரெஞ்சு அறிஞர் ரூசோ, 1762இல் வெளிவந்த ‘எமீல்’ என்னும் நூலில், தம் கற்பனை மாணவனை நகரத்தின் சீர்கேட்டிலிருந்து விலக்கி நாட்டுப்புறத்தில் வளர்க்கக் கருதினார். இமாம் கஸ்ஸாலி அவர்களோ பிள்ளையைப் பெற்றோரிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதமாகக் கண்டு, தீய தோழமையினின்றும் அதனைக் காத்தல் வேண்டும் என வலியுறுத்தினார்கள். காலத்தாலும் இடத்தாலும் வேறுபட்ட இவர்கள் அனைவரும் ஒருமுகமாக ஏற்றுக்கொண்ட உண்மை, பிள்ளை தன் வீட்டினால் மட்டுமன்றித் தன் அயலினாலும் வளர்க்கப்படுகின்றது என்பதேயாம்.

இனிக் கல்முனைக்கு வருவோம். மருதமுனை தொடங்கிக் கல்முனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று எனத் தெற்கே நீளும் முஸ்லிம் ஊர்களும், அவற்றிடையே பாண்டிருப்பு, காரைதீவு முதலிய தமிழ் ஊர்களும் ஒரே சரமாகக் கோக்கப்பட்டவை போல அமைந்துள்ளன. கிழக்கே கடல், மேற்கே வயல், இரண்டுக்கும் நடுவே பெருந்தெருவைத் தழுவியவாறு நெருங்கிய குடியிருப்புகள். ஊர் அகன்று விரிவதற்கு இடமில்லை. ஆகவே ஒரு வளவு இரண்டாகி, இரண்டு நான்காகி, ஒழுங்கைகள் ஒடுங்கி, வீட்டுச் சுவரோடு வீட்டுச் சுவர் முட்டி நிற்கின்றது.

இந்நெருக்கத்திற்கு நிலத்தின் குறுக்கம் மட்டும் காரணமன்று. கிழக்கிலங்கையின் தமிழரிடத்தும் முஸ்லிம்களிடத்தும் ஊறிய தாய்வழிக் குடிமுறை இங்கு உறையும் இடத்தை நிர்ணயிக்கின்றது. மகளுக்கு வீடு கொடுத்து மணமுடித்தலும், மருமகன் மனைவியின் வீட்டுக்கு வந்து வாழ்தலும் இப்பகுதியின் வழமை. இதனால் தாயும், தாயின் உடன்பிறந்தாளும், மூத்தம்மாவும் ஒரே வளவிலோ அடுத்தடுத்த வேலிகளுக்குள்ளோ வாழ்கின்றனர். உம்மா சந்தைக்குச் சென்றால் சாச்சி சோறு கொடுப்பாள். பிள்ளை ஒழுங்கையில் விழுந்தால் ஐந்து வாசல்களிலிருந்து ஐந்து பெண்கள் ஓடி வருவர். வீடு என்பது பெண்ணின் சீதனமாகவும், குடும்பத்தின் வாழ்நாள் உழைப்பின் திரட்சியாகவும் இருப்பதால், நல்ல பாடசாலை ஒன்றை நாடி வேற்றூருக்குப் பெயர்தல் இங்கு வெறும் முகவரி மாற்றமன்று. அது மூத்தம்மாவின் கண்பார்வையை விட்டு விலகுதலாகும். எந்தப் பாடசாலையின் பெறுபேற்று அட்டவணையிலும் இவ்விழப்பு பதியப்படுவதில்லை.

பாதுகாப்பு என்னும் சொல்லைப் பகுத்துணர்தல் அடுத்து வேண்டற்பாலது. ஆபத்து வேறு, அச்சம் வேறு. ஆபத்து புறத்தே உள்ளது, அளந்தறியத்தக்கது. அச்சம் அகத்தே உள்ளது; அளவுக்கு அடங்காதது. இக்கரையோரத்து மக்களுக்கு இரண்டுமே பழக்கமானவை. 1990 ஆகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையில் நின்றோர் கொல்லப்பட்ட நாள் முதல் கிழக்கின் முஸ்லிம் ஊர்கள் ஒவ்வொன்றும் இரவைக் கண்டு அஞ்சின. போர்க்காலம் முழுவதும் அடுத்த ஊருக்குப் படிக்கச் செல்லும் பிள்ளை திரும்பி வரும்வரை தாய் வாசலில் நின்றாள். 2019 ஏப்ரல் 21ஆம் திகதி ஈஸ்டர் தாக்குதல்கள் நிகழ்ந்த பின்னர், நாடெங்கும் பாடசாலை வாயில்களில் பிள்ளைகளின் புத்தகப் பைகள் சோதிக்கப்பட்டன.

எனினும் இக்கரையோரம் கண்ட மிகப் பெரிய அழிவு மனிதரால் விளைந்ததன்று. 2004 டிசம்பர் 26ஆம் திகதி காலை எழுந்த கடற்கோள் இலங்கையில் முப்பதாயிரத்துக்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டது. மாவட்டங்களுள் மிகுதியான உயிர்களை இழந்தது அம்பாறையே. இம்மாவட்டத்தின் இடம்பெயர்ந்தோர் முகாம்களில் அடுத்த ஆண்டு நடத்தப்பட்ட ஆய்வொன்று கவனிக்கற்பாலது. பெண்களின் இறப்பு வீதம் ஆண்களினதைப் போல ஏறத்தாழ இருமடங்காக இருந்தது என்றும், சிறு பிள்ளைகளும் முதியோரும் பெருமளவில் மாண்டனர் என்றும், அலை வந்த வேளை வீட்டினுள் இருந்தமை இறப்பின் வாய்ப்பைக் கூட்டியது என்றும் அது கண்டது. எந்த வீடு பெண்ணுக்கும் பிள்ளைக்கும் அரண் எனக் கருதப்பட்டதோ அந்த வீட்டின் சுவர்களே அவர்கள் மீது சாய்ந்தன. பாதுகாப்பு என்பது ஓரிடத்தில் அடைத்து வைத்தலால் கிடைப்பதன்று என்னும் உண்மையை இதைவிடக் கொடிய முறையில் எவரும் கற்பிக்க இயலாது.

அவ்வாறாயின் பாதுகாப்பு எங்கிருந்து பிறக்கின்றது? 2011 மார்ச்சில் யப்பானைத் தாக்கிய கடற்கோளின்போது இரு ஊர்களில் நிகழ்ந்தவை இதற்கு விடை தருகின்றன. கமைசி என்னும் நகரில், முன்னரே பயிற்சி பெற்றிருந்த இடைநிலைப் பாடசாலை மாணவர் தாமாகவே மேட்டு நிலம் நோக்கி ஓடினர்; அருகிலிருந்த ஆரம்பப் பாடசாலைச் சிறுவரையும் தம்முடன் அழைத்துச் சென்றனர். அந்நகரில் ஏறத்தாழ மூவாயிரம் மாணவர் உயிர் தப்பினர். ஒக்காவா என்னும் ஆரம்பப் பாடசாலையிலோ, எங்கே செல்வது என்று முடிவு காணாது மாணவர் முற்றத்தில் நெடுநேரம் நிறுத்தப்பட்டனர். 74 பிள்ளைகள் மாண்டனர். கடலும் அலையும் இரண்டிடத்தும் ஒன்றே. பிள்ளைகளுக்குக் கற்பிக்கப்பட்டதும், மூத்தவர் இளையவரின் கைபிடித்து ஓடியதுமே வேற்றுமை. ஆகவே பாதுகாப்பு ஒரு வகையில் கல்வியேயாகும். அதுவும் ஒரு குடும்பம் தனித்துப் பெற முடியாத கல்வியாகும்.

கடற்கோளின் பின்னர் கிழக்கில் கரையிலிருந்து 200 மீற்றருக்குள் மீள வீடமைத்தலை அரசு தடைசெய்தது. பின்னர் அத்தடை தளர்த்தப்பட்டது. தடை நிலவிய காலத்தில் தராசின் கொடுமை வெளிப்பட்டது. வசதி படைத்தோர் பெருந்தெருவுக்கு மேற்கே காணி வாங்கினர். மீனவருக்கோ கடலை விட்டகன்றால் பிழைப்பில்லை. கடலருகே இருந்தால் வீடில்லை. அக்கரைப்பற்றைச் சேர்ந்த நுரைச்சோலையில் கடற்கோளால் வீடிழந்தோருக்கென சவூதி அரேபியாவின் உதவியுடன் எழுந்த 500 வீடுகள், வழக்கினாலும் பிணக்கினாலும் உரியவரைச் சேராது ஆண்டுக்கணக்கில் வெறுமையாய்க் கிடந்தன. இடந்தெரியும் உரிமை எல்லோருக்கும் ஒப்ப வழங்கப்பட்டதன்று என்பதனையே இவை உணர்த்துகின்றன.

பாதுகாப்பு என்னும் சொல் பெண்பிள்ளையின் வாழ்வில் பிறிதொரு பொருள் பெறுவதும் ஈண்டுச் சுட்டத்தக்கது. ஆண்பிள்ளைக்கு ‘பாதுகாப்பான பாடசாலை’ தேடப்படுகின்றது. பெண்பிள்ளைக்குப் பாடசாலையிலிருந்தே பாதுகாப்புத் தேடப்பட்ட காலம் ஒன்றிருந்தது. வழி தூரம், காலம் சரியில்லை, ஊர் கதைக்கும் என்னும் மூன்று வாக்கியங்களில் எத்தனையோ பெண்களின் கல்வி முடிந்துபோயிற்று. அதே ஊரில் கல்முனை மஹ்மூத் மகளிர் கல்லூரி போன்ற நிறுவனங்கள் வளர்ந்த பின்னர் இவ்வாக்கியங்களின் வலு குன்றியது. இங்கு நிகழ்ந்த மாற்றத்தை நுணுகி நோக்க வேண்டும். பெண்ணின் ஆபத்து குறைந்ததால் அவள் பாடசாலைக்குச் சென்றாள் என்பது முழு உண்மையன்று. நடந்து செல்லும் தூரத்தில் பாடசாலை எழுந்தது. ஒருத்தி சென்ற வழியில் நூறு பேர் சென்றனர். நூறு பேர் சென்றதனால் வழி அச்சமற்றதாயிற்று. பலர் நடக்கும் வழியே பாதுகாப்பான வழியாகும்.

பாடசாலைத் தெரிவில் நிலவும் போட்டியும் இவ்வாறே நோக்கற்பாலது. 1945இல் நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வி, பணமில்லாமை கல்விக்குத் தடையாகலாகாது என்னும் கொள்கையை நிலைநாட்டியது. ஆயினும் பாடசாலைகளிடையே ஏற்றத்தாழ்வு மறையவில்லை. முதலாந் தரத்து அனுமதியில் அருகே வசிப்போருக்கே பெரும்பங்கு ஒதுக்கப்படுவதால், நீதியை நாடி எழுந்த அவ்விதி, பேர்பெற்ற பாடசாலையின் அயலில் வீட்டையும் வாடகையையும் விலையுயர்த்தி, அண்மையையே பண்டமாக்கிற்று. தலைநகருக்குப் பெயரும் குடும்பங்களும், விடுதியில் விடப்படும் பிள்ளைகளும், ஐந்தாந் தரப் புலமைப்பரிசில் பரீட்சைக்காக இழக்கப்படும் மாலை விளையாட்டுகளும் இப்போட்டியின் பேறுகளே. ஒவ்வொரு குடும்பமும் நன்மையையே நாடுகின்றது. முடிவிலோ ஊர்ப் பாடசாலையிலிருந்து, குறை கண்டால் அதிபரிடம் சென்று கேட்கவல்ல பெற்றோர் முதலில் அகன்றுவிடுகின்றனர். கேட்க அஞ்சும் பெற்றோரின் பிள்ளைகள் எஞ்சுகின்றனர். பாடசாலை தாழ்கின்றது, தாழ்ந்தமையே அடுத்தவர் அகல்வதற்கு நியாயமாகின்றது.

இதற்கு எதிராக எழும் வாதம் எளிதில் தள்ளத்தக்கதன்று. ஐக்கிய அமெரிக்காவின் ஐந்து நகரங்களில் 1994 முதல் 1998 வரை ஏறத்தாழ 4,600 வறிய குடும்பங்களைக் கொண்டு ஒரு பரிசோதனை நடத்தப்பட்டது. வறுமை குறைந்த அயல்களுக்குப் பெயரும் வாய்ப்பு சிலருக்குச் சீட்டுக் குலுக்கலின் மூலம் வழங்கப்பட்டது. பின்னாளில் செட்டி, ஹென்றென், காட்ஸ் என்னும் பொருளியலாளர் அப்பிள்ளைகளின் வாழ்வை ஆராய்ந்தனர். பதின்மூன்று வயதுக்கு முன்னர் அவ்வாறு பெயர்ந்தோர், வளர்ந்தபின் பெற்ற வருமானம் பெயராதவரினதைவிட ஏறத்தாழ 31 சதவீதம் உயர்ந்திருந்தது. ஆகவே அயல் பிள்ளையின் வாழ்வை மாற்றும் என்பது கதையன்று, கணக்கு. அவ்வாறிருக்க, ஊர்ப் பாடசாலையின் நன்மைக்காகத் தன் பிள்ளையைத் தாழ்ந்த பாடசாலையில் விடு என்று ஒரு தாயிடம் கூற எவருக்கு உரிமையுண்டு? மனிதரை வெறும் கருவியாகக் கொள்ளலாகாது என்னும் காண்ட்டின் கட்டளை பிள்ளைக்கும் உரியதே. பெற்றோரின் கொள்கைப் பற்றுக்குப் பிள்ளையைக் கருவியாக்குதல் அறமாகாது. 2019 ஏப்ரல் 26ஆம் திகதி இரவு சாய்ந்தமருதின் வீடொன்றில், பெரியோர் தம் கொள்கையின் பெயரால் வெடிக்கச் செய்த குண்டுகளுக்குச் சிறுவர்களும் இரையாயினர். பிள்ளையைக் கருவியாக்குதலின் உச்சக் கொடுமை எத்தகையது என்பதனை அவ்வூர் மறக்க இயலாது.

எனவே, பெயர்ந்து செல்லும் பெற்றோரைத் தன்னலமிகள் எனப் பழித்தல் நீதியன்று. ஆயின் அவர்களின் கடமை பெயர்வதோடு நிறைவெய்திவிடுமா? இவ்விடத்தில் இஸ்லாமியச் சட்ட மரபின் ஒரு பாகுபாடு பெரிதும் துணை செய்கின்றது. கடமைகளை அம்மரபு பர்ளு ஐன், பர்ளு கிபாயா என இருவகைப்படுத்தும். முன்னையது ஒவ்வொருவரும் தனித்தனியே நிறைவேற்ற வேண்டியது. பின்னையது சமுதாயம் முழுவதற்கும் உரியது. போதியவர் நிறைவேற்றின் ஏனையோர் பொறுப்பு நீங்குவர். எவரும் நிறைவேற்றாவிடின் அனைவரும் குற்றவாளிகளாவர். ஊரில் ஒரு மருத்துவர் தானும் இல்லாதிருக்க, எல்லோரும் புகழ்தரும் சட்டக் கலையையே நாடிச் செல்வதைக் கஸ்ஸாலி அவர்கள் கண்டித்தது இவ்வடிப்படையிலேயாம்.

தன் பிள்ளைக்குக் கல்வியும் காப்பும் அளித்தல் முதல் வகைக் கடமையைப் போன்றது. ஊரில் நல்ல பாடசாலையும் அச்சமற்ற வழியும் இருக்கச் செய்தல் இரண்டாம் வகைக் கடமையைச் சார்ந்தது. முதலாவதை நிறைவேற்றியதனால் இரண்டாவது தீர்ந்துவிட்டதாகக் கருதுவதே இக்காலப் பெற்றோரின் தவறாகும். மறுதலையாக, இரண்டாவதன் பேரால் முதலாவதைப் பலியிடக் கோருதல் சீர்திருத்தம் பேசுவோரின் தவறாகும். ஒன்று மற்றொன்றை விழுங்காதவாறு இரண்டையும் சுமத்தலே அறம்.

இது நடவாத இலட்சியமன்று என்பதற்கு இம்மண்ணின் வரலாறே சான்று. யாழ்ப்பாணத்து வண்ணார்பண்ணையில் பிறந்த ஏ. எம். ஏ. அஸீஸ், 1942இல் உதவி அரசாங்க அதிபராகக் கல்முனைக்கு வந்தார். காரைதீவு தந்த சுவாமி விபுலானந்தரின் நட்பையும் பெற்றார். இப்பகுதி முஸ்லிம்களின் கல்விப் பின்னடைவைக் கண்டு வருந்திய அவர், மாற்றலாகிச் செல்லும் உத்தியோகத்தர் பலரைப் போலக் கடந்து செல்லவில்லை. அவ்வாண்டிலேயே கல்முனை முஸ்லிம் கல்விச் சங்கம் தோன்ற வழிசெய்தார். 1945இல் வறிய மாணவருக்கான இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதி உருவாக உழைத்தார். அவர் கல்முனையை விட்டுச் சென்றது உண்மை. கல்முனைப் பிள்ளைகளை விட்டுச் செல்லவில்லை என்பதும் உண்மை. போர்ச் சூழலால் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் முஸ்லிம் மாணவர் தொடர்ந்து கற்க இயலாத நிலை தோன்றியபோது, 1995இல் தென்கிழக்குப் பல்கலைக்கழகக் கல்லூரி நிறுவப்பட்டது. அடுத்த ஆண்டு அது முழுப் பல்கலைக்கழகமாகி ஒலுவிலில் நிலைபெற்றது. பாதுகாப்பைத் தேடி மாணவர் சிதறிய நிலையில், கல்வியையே மாணவரிடம் கொணர்ந்த செயல் அது. ஓரினத்தார் தமக்கென அமைத்துக்கொள்ளும் நிறுவனம் அயலினத்தாரோடு பழகும் வாய்ப்பைக் குறைக்காதா என்னும் ஐயம் நியாயமானதே. அஸீசும் விபுலானந்தரும் பூண்டிருந்த நட்பு அவ்வையத்திற்கு விடையாகவும் எச்சரிக்கையாகவும் நிற்கின்றது.

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்கின், இடந்தெரியும் பெற்றோர் தம்மைத் தாமே கேட்கவேண்டிய வினாக்கள் மூன்று எனலாம். தம்மை உந்துவது ஆபத்தா, அன்றி அச்சமா என்பது முதலாவது. ஆபத்தாயின் அகலுதல் கடமை. அச்சமாயின் அதனை அயலாரோடு பகிர்ந்து ஆராய்தல் கடமை. வெறும் அந்தஸ்தாயின் அதற்குப் பாதுகாப்பு எனப் பெயரிடாதிருத்தலே நேர்மை. பிள்ளை பெறுவதோடு இழப்பதும் எண்ணப்பட்டதா என்பது இரண்டாவது. முற்கூறிய அமெரிக்கப் பரிசோதனையில், பதின்மூன்றைக் கடந்தபின் பெயர்ந்த பிள்ளைகள் பயனடையவில்லை. சிறிது பின்னடைந்தும் இருந்தனர். வேர்கொண்ட உறவுகளைப் பிடுங்குவதற்கும் ஒரு விலையுண்டு. விட்டுச் செல்லும் ஊருக்குத் தாம் எதைத் திருப்பிச் செலுத்துகின்றனர் என்பது மூன்றாவது. முதலிரண்டும் எல்லாப் பெற்றோரும் ஏதோ ஒரு வகையில் கேட்பவை. மூன்றாவதே கேட்கப்படாதது.

கேட்கப்படாமையின் விலை பெரிது. 2024 நவம்பர் 26ஆம் திகதி பெருவெள்ளத்தின்போது, காரைதீவு மாவடிப்பள்ளி வீதியில், வீடு திரும்பிக்கொண்டிருந்த மத்ரஸா மாணவர்களை ஏற்றிய உழவு இயந்திரம் நீரில் அடித்துச் செல்லப்பட்டது. மாணவர் சிலர் உயிரிழந்தனர். அவர்களின் பெற்றோரும் தம் பிள்ளைகளுக்குக் கல்வியைத் தேடியவர்களே. வீட்டில் அன்பைக் குறைத்தவர்களும் அல்லர். கல்விக்கூடம் ஒருபுறமும் வீடு மறுபுறமும் இருந்தன. இரண்டிற்கும் இடையே கிடந்த வழியில் பிள்ளைகள் மாண்டனர். அவ்வழி எந்தத் தந்தையின் காணியும் அன்று. எந்தத் தாயின் முற்றமும் அன்று. எல்லோருக்கும் பொதுவானது, ஆதலால் எவருடைய கவனத்திலும் முதலிடம் பெறாதது. பெற்றோர் தெரிவுசெய்யக்கூடியவை வீடும் பாடசாலையும் மட்டுமே. அவற்றை இணைக்கும் வழி ஊர் கூடி அமைக்க வேண்டியது. ஊரின் பிள்ளைகள் அனைவரும் அச்சமின்றி நடக்கக்கூடியதாக அது அமையும்போதுதான் ஒருவரின் பிள்ளையும் பத்திரமாக வீடு வந்து சேரும்.